சட்டப் புத்தகத்தில் ஒரு தமிழ்ச் சொல்

மலேசியச் சட்டங்களின் வரிசையில் 28-ஆம் எண் கொண்ட சட்டத்தின் தலைப்பில் ஒரு தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதி (தடை) சட்டம். நான் தமிழில் சொல்வதால் அது ‘கூட்டு’ ஆகிவிடவில்லை. ஆங்கில மூலத்திலேயே அது கூட்டுதான், இரண்டு ‘ஓ’ போட்டு எழுதியிருக்கிறார்கள். மலாய்ப் பதிப்பில் நெடில் குறுகி ‘குத்து’ ஆகியிருக்கிறது. மலாயில் தலைப்பேனுக்கும் அதே சொல் என்பது தனிக் கதை.

அந்தச் சட்டம் கூட்டுக்கு வரையறை சொல்கிறது. பலர் சேர்ந்து தவணை முறையில் ஒரு பொது நிதியில் பணம் போடுவார்கள். அந்த நிதியை ஏலத்திலோ சீட்டுக் குலுக்கிப் போட்டோ வேறு வழியிலோ பங்கேற்பவர்களில் ஒருவருக்குக் கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கூட்டு, சீட்டு, சிட் ஃபண்ட், ஹுவெய், டோன்டீன் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அது கூட்டு நிதியே. சீனர்களின் சொல் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டோன்டி என்ற இத்தாலியரின் பெயரிலிருந்து ஐரோப்பா உருவாக்கிக்கொண்ட சொல்லும் இருக்கிறது. ஆனால் தலைப்புக்குப் போனது தோட்டத்துத் தமிழ். தடை செய்வதற்காகத்தான் போனது என்பதால் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்தச் சட்டத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் யூடியூப். பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குச் சேர்ந்த என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் பண நிர்வாகக் காணொளிகள் வந்து சேரும். செலவை எளிமையாக்கு, சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை எடுத்து ஒதுக்கு, கையில் மிச்சம் இருப்பதை மட்டும் கொண்டு மாதத்தை ஓட்டு, நீயே நினைத்தாலும் எடுக்க முடியாத இடத்தில் சேமிப்பை வை. நல்ல யோசனைகள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் கேட்கும்போது, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பார்த்த இடம் எங்கள் வீட்டு அடுப்பங்கரை. பாட்டியும் அத்தைகளும் செய்துகொண்டிருந்தது அதுதான். அவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கூட்டு கட்டுறது’.

நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் கதை வேறு மாதிரி இருக்கிறது. தோட்டத் தமிழனுக்குச் சேமிக்கத் தெரியாது, சம்பளம் போட்ட அன்றே கள்ளுக்கடையில் கரைத்துவிடுவான், சீனனைப் பார், செட்டியாரைப் பார். திருமண மண்டபங்களில், கட்சி மேடைகளில், தன்முனைப்புப் பயிலரங்குகளில் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். நான் வாசித்த தோட்டக் கதைகளிலும் கள்ளுக்கடைக்குக் கிடைத்த பக்கங்களில் கால்வாசிகூட கூட்டு பிடிக்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

முதலில் அந்தச் சம்பளம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் பெரும்பாலானோர் கங்காணி வழியாக வந்தார்கள். கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் கொடுத்தது, கங்காணி ஊரில் ஆளுக்கு முன்பணம் கொடுத்தார். ஊர்க்கடன் அடைக்க, பயணத்துக்கு, வீட்டில் விட்டு வருவதற்கு என்று கை மாறிய பணம் அது. ஆக, பால்வெட்டும் கத்தியைத் தொடுவதற்கு முன்பே பலருக்குப் பெயரில் பற்று ஏறிவிட்டது. ஒருநாள் ஆள் வேலைக்கு வந்தால் அந்தத் தலைக்குக் கங்காணிக்கு 2 காசு ‘தலைக்காசு’. ஆள் வராவிட்டால் அவருக்கும் நட்டம். கடன் கொடுத்தவரும் வேலை வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில், வரவு செலவை ஒழுங்குபடுத்துவது என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை.

1920-களின் இறுதியில் அரசாங்கம் நிலையான கூலி என்று ஒன்றை வகுத்தது. முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரத்தை அதே கத்தியால் வெட்டியவர்களுக்குத்தான் இந்த 10 காசு வித்தியாசம். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கூலி என்பது நாள் கணக்கு. விடிகாலையில் மழை பிடித்தால் மரம் வெட்ட முடியாது. ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிரும் மாதங்களில் பால் குறையும். பெரட்டுக்கு நின்று செக்ரோலில் பெயர் விழுந்த நாட்களை எண்ணி, முன்பணத்தையும் அரிசிக்கான பிடித்தத்தையும் கழித்து, மாதம் ஒருமுறை கிராணி மேசையில் எண்ணிக் கொடுப்பார்கள்.

இதில் ஒரு பொறியாளனாக என் கண்ணில் பட்டது ஒன்று. வருமானம் எவ்வளவு என்பது மாதத்துக்கு மாதம் ஆடுகிறது. ஆனால் வருமானம் வரும் நாள் ஆடுவதில்லை. அதோடு, லயத்தில் இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் அது ஒரே நாள், ஒரே மேசை. இதைப் பின்னால் திரும்பவும் பேச வேண்டியிருக்கும்.

சம்பளத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவே வாழ்க்கையை ஓட்டியது கடைப்பற்று. தோட்டத்துக் கடையிலோ பக்கத்துக் கம்பத்துச் சீனர் கடையிலோ கணக்கு வைப்பார்கள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டைத் தெரியாமல் இருக்காது. உள்ளங்கை அளவில் அட்டைபோட்ட சின்னப் புத்தகம், மேலே மூன்று ஐந்துகள். ‘புக்கு தீகா லீமா’வில் எழுதிக்கோ என்றால் எல்லா இனத்தவருக்கும் புரியும், கடன் சொல்கிறான் என்று. பற்றின் கெட்டிக்காரத்தனம் அது சிறு தொகைகளாக வருவதுதான். கால் கிலோ சீனி, ஒரு டின் பால், ஒரு கட்டு பீடி. எதுவுமே செலவு மாதிரி தோன்றாது. கூட்டிப் பார்க்கும் வேலை கடைக்காரருடையது, கூட்டிய விடையைக் கொடுக்கும் வேலை நம்முடையது. கைப்பேசிச் செயலிகளில் இன்று ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று வருகிற ஏற்பாட்டைப் பார்க்கும்போது எனக்கு அந்த மூன்று ஐந்துகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

கள்ளுக்கடை உண்டுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தது யார்? உரிமம் பெற்ற கள்ளுக்கடை பல தோட்டங்களின் ஓர் அங்கம். கொடுத்த கூலியில் ஒரு பகுதி அந்தக் கடை வழியாகத் திரும்பி வந்தது, அதன் லாபத்தில் தொழிலாளர் நலன் பேசப்பட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். கூலி உயர்வு இருந்தது. துரைமார் முன்னால் சைக்கிளில் போகும் உரிமை இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி இருந்தது. கூடவே, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது. குடித்தே அழிந்தான் என்று நாம் சொல்லும் அதே ஆள்தான் கடையை மூடச் சொன்னான். பதிலாக வந்தது படை. அந்த ஆண்டு மே மாதம் ஆர். எச். நாதன் கைதானதும் சிலாங்கூரில் கலவரம் வெடித்தது, அவசரநிலை அறிவிக்கப்பட்டது, உயிர்கள் போயின.

சேமிக்கக் கற்றுக்கொடுக்க மேலிருந்தும் முயற்சிகள் நடந்தன. நீரிணைக் குடியேற்றங்களில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1877-இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் தோட்டத்திலிருந்து அஞ்சலகம் எத்தனை கல் தொலைவு, படிவத்தை யார் நிரப்புவது என்பதெல்லாம் வேறு கேள்விகள். 1922-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. முதலில் பதிவானது அஞ்சல் தந்தி ஊழியர்களின் சிக்கனக் கடன் சங்கம். அதைத் தொடர்ந்து தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கென்று தோட்டந்தோறும் சிக்கனச் சங்கங்கள் முளைத்தன, போருக்கு முன் நூற்றுக்கணக்கில் இருந்தன. நிர்வாகத்தின் துணையோடு செக்ரோலிலேயே பிடித்துச் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணத்தைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் தோட்டத்து அலுவலகத்தின் வட்டாரத்துக்குள்தான் நடந்தது. பேறுகாலத்துக்கு ஓர் அவசரம் என்றால் போய் நிற்க வேண்டிய இடம் அதே மேசை.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சடித்த நோட்டுகள் நாட்டை நிறைத்தன. போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பியபோது அந்த நோட்டுகளுக்கு மதிப்பில்லை என்று ஆனது. மூன்றரை ஆண்டுகள் மூட்டை கட்டி வைத்தவர்கள் மறுநாள் காலையில் வெறும் காகிதத்துடன் நின்றார்கள். அந்தத் தலைமுறைக்குத் தாள் பணத்தின் மேல் நம்பிக்கை போனதில் ஆச்சரியம் இல்லை. தங்கத்தை வாங்கு, முடைப்பட்டால் அடகுக் கடையில் வை, மீட்டுக்கொள் என்று அவர்கள் சொல்வதைப் பழமை என்று சிரிக்கிறோம். அவர்கள் கண்ணால் பார்த்ததை நாம் பார்க்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் கூட்டைப் பார்க்க வேண்டும். கங்காணி கையில் இல்லாத, கடைக்காரர் கையில் இல்லாத, கிராணி கையில் இல்லாத ஒரு கணக்கு. எழுத்து தெரியாதவர்களாலும் மனக்கணக்காக நடத்த முடிந்த கணக்கு. ஊரில் சீட்டு என்று பழகியிருந்ததை இங்கே லயத்துக்குத் தோதாக வெட்டிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் பாட்டியின் 555 நோட்டு ஒன்று இருக்கிறது. 1974 என்று முதல் பக்கத்தில் அம்மாவின் பள்ளிக்கூடக் கையெழுத்து. பாட்டிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், சொல்லச் சொல்ல அம்மா எழுதியிருக்கிறார். 12 வரிகள். ஒன்றிலும் முழுப் பெயர் இல்லை. ‘ஆயா வீடு’, ‘மண்டோர் சம்சாரம்’, ‘ஆறாம் லயம் மூக்குத்தி’, ‘கோயில் வீடு’. ஒவ்வொருவருக்கும் மாதம் 20 வெள்ளி. 12 பேருக்கு 240 வெள்ளி. சம்பளம் போட்ட சாயங்காலம் பாட்டி வீட்டு முன்வாசலில் எல்லாரும் வருவார்களாம். அன்றைக்கே வசூல், அன்றைக்கே ஒருத்தி கையில் மொத்தமும். ராத்திரிக்குள் பாட்டியிடம் ஒரு காசு மிச்சம் இருக்காது. திருட்டுப் போவதற்குப் பெட்டியே இல்லை.

முதல் மாதம் கூட்டு பிடிக்கிறவருக்கு. அதுதான் அவருக்கான கூலி, வேறு தரகு கிடையாது. மற்ற மாதங்களுக்குச் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். ஆனால் குலுக்கலில் வந்த வரிசை அப்படியே நின்றதில்லை என்று நோட்டில் தெரிகிறது. நிறைய அம்புக்குறிகள். மகள் சடங்குக்கு ஒருத்தி நான்காம் மாதத்தை வாங்கிக்கொண்டு தன் ஒன்பதைக் கொடுத்திருக்கிறாள். தையல் மெஷின் வாங்க வேண்டியவள் ஏழிலிருந்து ஐந்துக்கு நகர்ந்திருக்கிறாள். வரிசை மாற்றத்துக்கு வட்டி இல்லை, பேச்சுவார்த்தை மட்டும்தான்.

இந்தக் குலுக்கல் கூட்டின் கணிதம் மிக அழகானது. ஒருத்தி தனியாக மாதம் 20 வெள்ளி சேர்த்தால் 240 கையில் வர 12-ஆம் மாதம் ஆகும். 12 பேரும் தனித்தனியாகச் சேர்த்தால் 12 பேரும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். கூட்டில் ஒருத்தி முதல் மாதமே வாங்கிவிடுகிறாள், அடுத்தவள் இரண்டாம் மாதம், இப்படியே போய்ச் சராசரிக் காத்திருப்பு ஆறரை மாதம். கடைசியில் எடுப்பவளுக்கு என்ன நட்டம்? தனியாகச் சேர்த்திருந்தாலும் அவளுக்கு அதே 12-ஆம் மாதம்தான். யாருக்கும் இழப்பில்லாமல் பதினொரு பேருக்கு லாபம். பொருளாதார அறிஞர்கள் மூன்று பேர் 1993-இல் இதைச் சமன்பாடுகளோடு ஒரு ஆய்விதழில் எழுதினார்கள். படித்துவிட்டு அம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். “அதான் தெரியுமே, இல்லாட்டி யாரு சேருவா?” என்றார்.

ஏலக் கூட்டு வேறு சாதி. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 10 பேர், மாதம் 100 வெள்ளி. முதல் மாதமே அவசரம் என்று ஒருவர் 200 தள்ளிக் கேட்கிறார். அவர் கையில் 800. அந்த 200-ஐப் பத்துப் பேரும் ஆளுக்கு 20 என்று பிரித்துக்கொள்கிறார்கள். தன் தவணை 100 போக அவருக்கு நிகரமாக வந்தது 700, இனி ஒன்பது மாதம் நூறு நூறாக 900 கட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் மாத வட்டி 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆனால் அவருக்கும் அந்த 20 திரும்ப வருகிறது. பின்னால் வரும் ஏலங்களில் மாதம் 10 வெள்ளி வீதம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் வட்டி மாதம் இரண்டரைக்குக் கீழே இறங்கிவிடும். மலிவில்லை. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வாங்கலாம் என்கிறது சட்டம், இது அதைவிடக் கூடுதல். ஆனால் உரிமம் பெற்றவர் தோட்டத்து ஆளுக்குக் கொடுப்பாரா என்பதுதான் கேள்வி. கொடுக்கக் காத்திருந்தவர் ஆலோங். ஏலக் கூட்டில் அவசரக்காரர் கொடுக்கும் வட்டி கூடவே உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேருக்குப் போகிறது. ஆலோங்கிடம் போவது திரும்பி வராது.

பாட்டி ஏலக் கூட்டு பிடித்ததே இல்லை. “அவசரத்துல இருக்கவங்ககிட்ட ஏலம் போடுறது பாவம்” என்பாராம்.

இதையெல்லாம் படித்து, ஆகா என்ன ஒரு பொற்காலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த நோட்டிலேயே ஒரு வரி இருக்கிறது. எட்டாம் மாதம் வரை ‘கோயில் வீடு’ என்ற பெயருக்கு நேராக டிக் விழுந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் மூன்றாம் மாதமே மொத்தத் தொகையை எடுத்தவர்கள். ஒன்பதாம் மாதத்திலிருந்து டிக் இல்லை. அந்தக் கட்டத்தில் ‘நான்’ என்று எழுதியிருக்கிறது. பத்து, நான். பதினொன்று, நான். பன்னிரண்டு, நான். இரவோடு இரவாக வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். நான்கு மாதம், 80 வெள்ளி. பாட்டியின் தோடு அடகுக் கடைக்குப் போய் மீளாமலே முங்கியது அந்த ஆண்டுதான் என்று அம்மா சொன்னார். மற்ற பதினொரு பேருக்கும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகவில்லை. முதல் மாதத்தை எடுத்துக்கொள்ளும் சலுகைக்கு எழுதப்படாத விலை அது. வங்கிகள் இதற்கு மூலதன இருப்பு என்று பெயர் வைத்து விதிமுறை எழுதுகின்றன, பாட்டியிடம் இருந்தது ஒரு ஜோடித் தோடு.

கூட்டின் தத்துவத்தைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் என்று நான் துன் சம்பந்தனைத்தான் சொல்வேன். 1950-களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் சேர்ந்தே போயின. இந்தத் துண்டாடலை ஆராய்ந்து 1962-இல் அறிக்கை எழுதியவர் உங்கு அசிஸ். அதே மனிதர்தான் 1959-இல், மலாய்க் கிராமத்தவர்கள் ஹஜ் பயணத்துக்காக வீட்டில் ஒளித்து வைக்கும் பணத்தை வட்டி கலக்காமல் சேமிக்க ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார், அது பின்னாளில் தாபோங் ஹாஜியாக வளர்ந்தது. ஏழைகளின் செலவுப் பழக்கத்தைக் குறை சொல்லாமல் அதன் உள் நியாயத்தைப் பார்த்த அறிஞர் அவர். அவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கின் விலை 100 வெள்ளி, மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள் தவணையில் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. நாள்கூலி வாங்கிய மக்களின் பத்துப் பத்து வெள்ளிகள் சேர்ந்து ஒரு தோட்டத்தை வாங்கின! சேமிக்கத் தெரியாதவர்கள் என்ற கதைக்கு இதைவிடப் பதில் வேண்டுமா தெரியவில்லை. பாமர மக்கள் எப்படி அவ்வளவு சீக்கிரம் அவரை நம்பினார்கள் என்று வியந்து எழுதுகிறார்கள். அவருடைய ஆளுமை ஒரு காரணம்தான். ஆனால் மாதாமாதம் ஒரு தொகையைப் பொதுவில் போடுவதும், தன் முறைக்குக் காத்திருப்பதும் லயத்துப் பெண்களுக்குப் புதிதில்லை. ‘கூட்டுறவு’ என்ற சொல்லில் முதல் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இதற்கு நடுவில் 1951-இல் ஊழியர் சேமநிதி வந்துவிட்டது. தொழிலாளிக்கு 5 விழுக்காடு, முதலாளிக்கு 5 விழுக்காடு. 1955-இன் வேலைவாய்ப்புச் சட்டம், வாங்கிய சம்பளத்தை எங்கே எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது என்றது, முன்பணத்துக்கும் வரம்பு கட்டியது. கங்காணிக் காலத்தின் முடிச்சுகள் சட்டத்தால் அவிழ்ந்த இடங்கள் இவை. குறைத்துச் சொல்லக்கூடாது. நம் பண வாழ்க்கையை எளிமையாக்கியதில் எந்தத் தன்முனைப்புப் பேச்சாளரையும்விட இந்த இரண்டு சட்டங்களுக்குப் பங்கு அதிகம்.

பிறகு ஏன் 1971? கூட்டு லயத்தை விட்டு வெளியே போய்த் தொழிலாகிவிட்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தே அறியாத ஆயிரக்கணக்கானோரிடம் நிறுவனங்கள் தவணை வசூலித்தன. முகம் தெரியாத கூட்டில் ‘கோயில் வீடு’ ஓடிப்போவதில்லை, நிர்வாகமே ஓடிப்போகும். சிங்கப்பூரும் அதே 1971-இல் சிட் ஃபண்ட் சட்டம் கொண்டுவந்தது, ஆனால் தடை செய்யாமல் உரிமமும் கட்டுப்பாடும் விதித்தது. அப்படியிருந்தும் ஓரிரு ஆண்டுகளில் ஜெமினி சிட் ஃபண்ட் நிறுவனம் சரிந்து ஏராளமான சந்தாதாரர்களை நடுத்தெருவில் நிறுத்தியது. ஆக, மலேசியாவின் பயம் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் வேறு வழிகளும் இருந்தன. தமிழ்நாட்டில் 1961-லேயே சீட்டு நிதிச் சட்டம் உண்டு. கேரளா 1969-இல் அரசாங்கமே சீட்டு நடத்த ஒரு நிறுவனம் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. ஏலச்சீட்டு எடுத்து வீடு கட்டியவர்கள் அங்கே சாதாரணம். ஒரே வழக்கத்தை ஓர் அரசு நடத்தியது, ஓர் அரசு மேய்த்தது, ஓர் அரசு மூடியது. மூடிய இடத்தில் வழக்கம் செத்ததா என்றால் இல்லை. கணக்கு மட்டும் வெளிச்சத்தில் இல்லாமல் போனது. ஏமாந்தவர் எங்கே போய்ப் புகார் கொடுப்பார்?

மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1962-இல் இத்தகைய சுழல்நிதிக் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விவசாயச் சமூகம் வணிகச் சமூகமாக மாறும் ஏணியில் இவை நடுப்படி என்பது அவர் கருத்து. வங்கி வந்ததும் படி தேவைப்படாது. ஜாவாவின் அரிசானை நேரில் பார்த்து எழுதியவர்தான். ஆனால் ஏணியில் ஏறிப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன நம் ஆட்கள் அந்தப் படியைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அவருடைய கணிப்பில் இல்லை.

போன இடத்தில் அது சரியாகப் பொருந்தவும் இல்லை என்பது வேறு விஷயம். நான் முன்னே சொன்ன சம்பள நாள்தான் காரணம் என்று நினைக்கிறேன். தோட்டம் உடைந்தபோது வேலையும் வீடும் போனதைப் பேசுகிறோம், ஒரே சம்பள நாள் போனதை யாரும் பேசுவதில்லை. தொழிற்சாலைக்காரிக்கு 28-ஆம் தேதி, பாதுகாவலர் மனைவிக்கு 7-ஆம் தேதி, கிளீனிங் வேலைக்காரிக்கு எப்போது வருமோ அப்போது. கூட்டில் பணம் ஒரு ராத்திரிகூட ஒருவர் பெட்டியில் தங்காது என்பதுதான் அதன் பாதுகாப்பு. பட்டணத்தில் அது பத்து நாள் ஒருவர் கணக்கில் தங்கியது. தங்கிய பணத்துக்குக் கால் முளைத்த கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் உறவிலேயே ஒருவர் மகளின் கல்யாணத்துக்குக் கட்டிய ஏலக் கூட்டு, நடத்தியவர் தொலைபேசி எண்ணை மாற்றியதோடு முடிந்தது. லயத்திலிருந்து ஓட ஒரு ராத்திரியும் லாரியும் வேண்டும். இதற்கு ஒரு சிம் கார்டு போதும்.

சட்டத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். அது கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதைக் குற்றம் என்கிறது. உச்ச தண்டனை 5 லட்சம் ரிங்கிட் அபராதம், அல்லது 10 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். முதல் மாதத்தை எடுத்துக்கொண்டு நான்கு மாதம் ‘நான்’ என்று கட்டியது தொழிலா? வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். “யாராச்சும் புகார் கொடுத்தாத்தான் தெரியும்” என்று சிரித்தார்.

சின்ன அத்தை இப்போதும் கூட்டு கட்டுகிறார், பத்துப் பெண்கள், மாதம் 200 ரிங்கிட். எல்லாருடைய சம்பளமும் வந்து முடியும் என்று 8-ஆம் தேதியை வைத்திருக்கிறார்கள். அத்தையின் கணக்கில் பணம் நிற்பதில்லை, அந்த மாதம் யார் முறையோ அவர் கணக்குக்கே ஒன்பது பேரும் நேராக அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் ரசீதைப் போடுகிறார்கள். கைமாறும் பணத்தை ஒரு ராத்திரிகூடத் தங்கவிடாத பழைய விதியை வங்கிச் செயலியை வைத்தே மீட்டுவிட்டார்கள். நானும் சேரலாமா என்று போன தீபாவளிக்கு அத்தையிடம் கேட்டேன், கார் முன்பணத்துக்கு இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ கிடைத்தால் வசதி என்று. முறுக்கைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “புதுசா வர்றவங்களுக்குக் கடைசி மாசம்தான்ய்யா. அதுல உனக்கு ஒத்துவருமானு சொல்லு, பேரை எழுதிக்கிறேன்.”